அப்பாவின் ஒற்றைச் செருப்பு: சுகரா, பி12-ஆ?

சந்திமுக்கு | ஞாயிறு, இரவு 9.40

அப்பாவுக்கு 71 வயது. சுகர் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மெட்ஃபார்மின்தான், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வீட்டில் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாகையடி முக்கு வரை போய்க் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நடந்தே வந்தார். வாசல்படி ஏறும்போது அம்மா கேட்டாள்: "ஒத்தச் செருப்பை எங்க விட்டிய?" குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது, இடது காலில் செருப்பு இல்லை. உள்ளங்காலில் ஜல்லி குத்தி ரத்தம் கசிந்திருந்தது, அதுவும் தெரியவில்லை. நான் போய்த் தேடினேன். எங்கள் வீட்டிலிருந்து எட்டாவது வீட்டு வாசலில் கிடந்தது.

கால் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்கிறது என்று இரண்டு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாகக் காட்டும் இடத்தில் "சுகர்காரங்களுக்கு அப்படித்தான்" என்று ஒவ்வொரு தடவையும் அனுப்பிவிட்டார்கள். அசதி என்றதற்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கலந்த டானிக் எழுதிக்கொடுத்தார்கள். அதைக் குடித்து ஹீமோகுளோபின் 9.6-லிருந்து 11.4-க்கு ஏறியது. கால் மட்டும் மோசமாகிக்கொண்டே வந்தது.

இன்னும் இரண்டு விஷயம். நாக்கு சிவந்து வழவழவென்று கிடக்கிறது, மிளகாய்ப்பொடி பட்டால் எரிகிறது என்று இட்லிக்குச் சீனி கேட்கிறார் (சுகர்காரர்!). முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறார், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுகிறார்.

மதுரை மச்சான் ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவைப் பார்க்கச் சொல்கிறார். சித்தப்பா ஒரு டப்பா நரம்பு மாத்திரை வாங்கி வந்து வைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்க?


மருந்துக்கடைக்காரன் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, மச்சான் சொல்வதைக் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் கண்ணை மூடினால் தள்ளாடுவதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. கால் தரையில் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போகவில்லை என்றால், கண்தான் அந்த வேலையைப் பார்க்கும். கண்ணையும் மூடினால் ஆள் ஆடுவார். பி12 குறைவு முதுகுத்தண்டைத் தொட்டாலும் இப்படி ஆகும். சுகரிலும் வரலாம். எதுவென்று ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் வருஷக்கணக்கில் எடுத்தால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இதைப் பரவலாக வரக்கூடிய பக்கவிளைவு என்றே அறிவித்து, அறிகுறி இருந்தால் பி12 பாருங்கள் என்று டாக்டர்களுக்கு எழுதியது. கூடவே நெஞ்செரிச்சலுக்கு வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரை உண்டா? அதுவும் வருஷக்கணக்கில் என்றால் இன்னொரு இடி. சாப்பாட்டில் இருக்கிற பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும்.

அந்த டானிக் விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ரத்த அணு உருவாக ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்ந்து வேலை பார்க்கின்றன. ஃபோலிக்கை மட்டும் அள்ளிக் கொடுத்தால் பி12 இல்லாமலே ரத்தம் ஓரளவு தேறிவிடும். நரம்பின் உறையைக் காக்கிற வேலைக்கு அது உதவாது. சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று, உத்தரத்தில் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது என்கிற கதை.

முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு ஊசி. ஊசி போட்டுவிட்டுப் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். சித்தப்பாவின் டப்பாவைத் திறக்க வேண்டாம். அதன் அட்டையில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். நாளுக்கு 2 மில்லிகூடத் தேவையில்லாத சரக்கு அது. 100 மில்லி மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் பி6-ஏ காலை மரக்கவைக்கும். கால் மரப்புக்கு மாத்திரை, மாத்திரையால் கால் மரப்பு!


நீச்சத்தண்ணி | திங்கள், காலை 6.05

இவ்வளவு மருந்துப் பேச்சு எதற்கு? ராத்திரி சோற்றில் தண்ணி ஊற்றி, காலையில் ரெண்டு சின்ன வெங்காயத்தோடு குடித்தால் தீர்ந்தது. பழைய சோற்றில் பி6, பி12 எல்லாம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வராத நாள் இல்லை. எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை அதைக் குடித்துத்தான் வயலுக்குப் போனார். இட்லிக்கு மாவு புளிக்க வைத்தது நம் முன்னோர். வைட்டமின் என்ற பெயரே அவர்களுக்குத் தெரியாது.


வார்டு ஏழு | திங்கள், காலை 11.30

அண்ணாச்சி, நானும் நீச்சத்தண்ணி குடிக்கிறவள்தான். வெயில் காலத்தில் அதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. ஆனால் அதைப் பி12 மருந்தாக்காதீர்கள். முப்பத்தோரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். "பழையது குடிக்கிறேன், எனக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்லிப் போய், கைத்தடியோடு திரும்பி வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

பி12-ஐச் செய்கிற வித்தை சில நுண்ணுயிர்களுக்கு மட்டும்தான் தெரியும். செடிக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மாட்டின் இரைப்பைக்குள் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் செய்கின்றன, அது பாலுக்கும் கறிக்கும் ஈரலுக்கும் வருகிறது. மாவு புளிக்கும்போது வேறு சில பி சத்துகள் கூடும், பி1, பி2 போல. இட்லி நல்ல சாப்பாடு, யார் இல்லை என்றார்கள்? ஆனால் புளிக்க வைக்கிற எல்லா நுண்ணுயிரும் பி12 செய்யாது. நம் பானையில் எது குடியிருக்கிறது என்று பார்த்தது யார்? சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை விற்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி போலிப் பி12, உடம்புக்கு உதவாது.

சைவக்காரருக்குப் பாலும் தயிரும்தான் வழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். 250 மில்லி பாலில் ஒன்றேகால் மைக்ரோகிராம்போல் இருக்கும். அப்பா எவ்வளவு பால் குடிக்கிறார், தம்பி? காலையில் ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி, இரண்டிலும் சேர்த்து ஒரு டம்ளர் பால்கூட வராது. மத்தியானம் மோர். உங்கள் வீட்டு மோர் எப்படி? எங்கள் வீட்டு மோரில் ஒரு கரண்டி தயிருக்கு ஒரு சொம்பு தண்ணீர்.


நீச்சத்தண்ணி | திங்கள், மதியம் 1.20

அப்படியானால் எங்கள் தாத்தா?


வார்டு ஏழு | திங்கள், மதியம் 2.10

தாத்தா வீட்டில் மாடு நின்றதா? கட்டித் தயிர் ஊற்றிச் சாப்பிட்டிருப்பார். மெட்ஃபார்மினும் போடவில்லை. கருவாடு தின்றாரா என்பதை வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, ஈரல் பி12-ஐ வருஷக்கணக்கில் சேமித்து வைக்கும். நீரில் கரைகிற சத்துகளில் இப்படிச் சேமிப்பு உள்ளது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். பி1 இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தாங்காது. அதனால்தான் பி12 குறைவு சத்தமில்லாமல் வருகிறது. வரவு நின்று நாலைந்து வருஷம் கழித்துத்தான் இருப்பு தீர்ந்தது தெரியும்.


நீச்சத்தண்ணி | திங்கள், மதியம் 2.25

அம்மையிடம் கேட்டேன். சாளைக் கருவாடு இல்லாமல் தாத்தாவுக்குச் சோறு இறங்காதாம். சரி, தாத்தா சாட்சியை வாபஸ் வாங்குகிறேன். பழைய சோற்றை வாபஸ் வாங்க மாட்டேன்.


அம்பை ஆலை | திங்கள், இரவு 8.50

நீச்சத்தண்ணி முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை. முன்னோருக்குப் பெயர் தெரியாமல் செய்த காரியம் ஒன்று உண்டு. அது பழையதில் இல்லை, அதற்கு முந்தின கட்டத்தில், நெல் அவிக்கிறதில் இருக்கிறது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலையில் நாற்பது வருஷம் கிடந்தவன். ஊறவைத்த நெல்லை நீராவியில் அவித்து, களத்தில் கொட்டி, வெயில் ஏற ஏறக் காலால் வரி வரியாகக் கிளறிவிடுவோம். நெல் வெடித்து வாயைப் பிளக்கிற நேரம் பார்த்து இறக்க வேண்டும். அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாது. மழைக்காலத்தில் காயாமல் கொஞ்சம் ஊறல் வாடை தட்டினால் வியாபாரி மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு விலையை இறக்குவான். அது வேறு கதை.

பி1, அதாவது தயமின், நெல்லில் தவிட்டிலும் முளையிலும்தான் கூடுதலாக இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஊறவைத்து அவிக்கும்போது தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும். அவித்த நெல் இடிக்கையில் நொறுங்காது, அரிசி நாள்பட நிற்கும், அதற்காகத்தான் அவித்தார்கள். சத்து இலவச இணைப்பு.

அது எவ்வளவு பெரிய இணைப்பு என்பதற்கு மலேயாவைப் பாருங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய பச்சரிசியைத் தின்றார்கள். கால் வீங்கி, நடை தள்ளாடி, நெஞ்சு அடைத்துக் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பெரிபெரி, பி1 குறைவால் வருகிற நோய். நம் ஆட்கள் அதே ஊரில், தோட்டத்தில் வேலை பார்த்தார்கள், ஆனால் புழுங்கல் அரிசி. அவர்களுக்கு அந்த நோய் அபூர்வம். பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1907-இல் எழுதினார். பச்சரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்று அவர் நினைத்தார், அது வேறு. அதே காலத்தில் பிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் ஒரு பாதி ஆட்களுக்குப் பச்சரிசி, மறுபாதிக்குப் புழுங்கல் என்று போட்டுப் பார்த்தார். பச்சரிசிக்காரர்கள்தான் விழுந்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு சோதனை செய்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் கிடந்தது வடக்கே, பச்சரிசி தின்கிற தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில். தெற்கே புழுங்கல் தின்ற நமக்கு அவ்வளவு இல்லை.

எய்க்மன் என்ற டச்சு டாக்டரின் கோழிக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஜாவாவில் ஆஸ்பத்திரிக் கோழிகள் நோயாளிகளுக்கு வடித்த வெள்ளைச் சோற்றைத் தின்று கால் விளங்காமல் விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர் "பட்டாளத்துச் சோறு ஊர்க்கோழிக்குக் கிடையாது" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கடையில் கேட்பது என்ன? "நல்லா வெள்ளையா, சார்டெக்ஸ் போட்டதா" என்றுதான். மல்லிகைப்பூ மாதிரி இருந்தால்தான் அரிசி. புழுங்கலாக இருந்தாலும் பாலிஷ் ஏற ஏற மிச்சமும் குறையும். வீட்டில் நாலு தண்ணீர் கழுவி, சோற்றை வடித்து, கஞ்சியையும் கொட்டுகிறோம். தவிடும் மாட்டுக்கு, கழுநீரும் மாட்டுக்கு, வடிகஞ்சியும் மாட்டுக்கு. அது நம் பி1-ஐ வாங்கிக்கொண்டு பாலில் பி12 தருகிறது. கொடுக்கல் வாங்கல் நேர்மையாகத்தான் நடக்கிறது, பாலை அளந்து ஊற்றுகிற இடத்தில்தான் நாம் தண்ணீர் சேர்க்கிறோம்.


கல்லிடை அப்பளம் | திங்கள், இரவு 9.35

அண்ணாச்சி, அரிசி என்றதும் ஒரு சந்தேகம். ரேஷன் அரிசியில் தண்ணீரில் மிதக்கிற மாதிரி சில மணிகள் வருகின்றன, நிறமும் வேறு மாதிரி. பிளாஸ்டிக் அரிசி என்று எதிர்வீட்டு மைனி பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுகிறார்கள்.


மருந்துக்கடைக்காரன் | திங்கள், இரவு 10.00

மைனியின் கோழிகள் கொடுத்துவைத்தவை. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, மணி மாதிரி அச்சில் பிழிந்து, நூறுக்கு ஒன்று என்று சாதா அரிசியில் கலந்திருக்கிறார்கள். பொறுக்கி எடுத்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். பிளாஸ்டிக் இல்லை.

ஆனால் இதை நம்பிச் செருப்பு அப்பாவை விட்டுவிட முடியாது. விதிப்படி கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12. ஒரு ஆள் நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி தின்றால் கிடைப்பது தேவையில் எட்டில் ஒரு பங்கு. ஊருக்கெல்லாம் சேர்த்து அது நல்லது, குறைந்துபோன ஆளுக்குப் பத்தாது.


உவரிக்காரி | செவ்வாய், காலை 7.45

எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினைக்குப் பெயர் இல்லை, மீன்தான் இருக்கிறது. நூறு கிராம் சாளையில் ஒரு நாள் தேவையைப்போல் மூன்று மடங்கு பி12 என்று என் மகள் படித்துச் சொன்னாள். விலை குறைந்த மீன் அது. வஞ்சிரம் வாங்கினால்தான் சத்து என்று டவுன்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சைவ வீட்டில் வந்து மீன் பேசுவதற்கு மன்னிக்கணும். ஒரு சந்தேகம் மட்டும். என் மாமியாருக்கும் சுகர், மெட்ஃபார்மின். தினம் மீன் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையுமா?


வார்டு ஏழு | செவ்வாய், காலை 10.20

குறையலாம் அக்கா. தின்பது ஒன்று, உடம்பில் சேர்வது ஒன்று. வயிற்றில் ஒரு புரதம் சுரந்து, பி12-ஐக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சிறுகுடலின் கடைசி வாசலில் விடும். வயிற்றின் உட்சுவர் தேய்ந்தவர்களுக்கு அந்தப் புரதமே சுரக்காது. வாரம் நாலு நாள் ஈரல் தின்கிற மேலப்பாளையத்து ஆள் ஒருவர் எங்கள் வார்டில் இதே நோயோடு படுத்திருந்தார். ஆட்டீரல் நூறு கிராமில் ஒரு மாதத் தேவை இருக்கிறது, அவருக்கு அதில் சல்லிக்காசும் சேரவில்லை. மாமியாருக்கும் ஒரு தடவை பாருங்கள்.

இந்த நோய்க்கு அந்தக் காலத்தில் பெயரே கொலைகாரச் சோகை என்கிற அர்த்தத்தில்தான் இருந்தது. 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க டாக்டர்கள் அரைவேக்காட்டு ஈரலைத் தினம் கால் கிலோ வரை ஊட்டியே ஆட்களைப் பிழைக்க வைத்தார்கள். அவ்வளவு தின்றால் உடைந்த வழியிலும் கொஞ்சம் கசிந்து உள்ளே போகும். இன்றைக்குப் பெரிய டோஸ் மாத்திரை வேலை செய்வதும் அப்படித்தான், ஆயிரம் மைக்ரோகிராம் கொடுத்தால் நூற்றில் ஒரு பங்கு தானாக உறிஞ்சப்படும். ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம். நரம்பில் இறங்கிவிட்டால் ஊசிதான் முதலில்.


நடத்துநர் | செவ்வாய், காலை 10.50

ஊசியின் பெயரும் எத்தனை நாளுக்கு எத்தனை என்ற கணக்கும் எழுதிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். அதை டாக்டர் எழுதட்டும்.


சந்திமுக்கு | வியாழன், மாலை 6.30

ரிப்போர்ட் வந்துவிட்டது. பி12 128. அந்த லேப் காகிதத்தில் 200-க்குக் கீழ் குறைவு என்று போட்டிருக்கிறது. சிவப்பணுவின் அளவு 108, 100-க்கு மேல் இருந்தால் அணு பெருத்திருக்கிறது என்று அர்த்தமாம். வேறு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், கிண்ணென்று அதிரும் ஒரு இரும்புக் கவையைக் கால் பெருவிரலில் வைத்து "அதிருதா?" என்று கேட்டார். அப்பா "எது?" என்றார். கையில் வைத்ததும் "ஆங், இது" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்று முதல் ஊசி. சிரிஞ்சில் ஏற்றும்போது மருந்து செக்கச்செவேலென்று இருந்தது, மாதுளைச் சாறு மாதிரி. அப்பா "ரத்தம் ஏத்துறாங்களா?" என்று கேட்டார்.

மச்சான் சொன்னதை முதலிலேயே கேட்டிருக்கலாம். மூன்று நாள் போச்சு என்று இல்லை, இரண்டு வருஷம் போச்சு.


மருந்துக்கடைக்காரன் | வியாழன், இரவு 7.10

அந்தச் சிவப்பு கோபால்ட். பி12-இன் நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. 1948-இல் பிரித்தெடுத்தபோதே சிவப்புப் படிகமாகத்தான் கிடைத்தது. அதன் உருவத்தை எக்ஸ்ரே வைத்துக் கண்டுபிடித்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-இல் நோபல்.

ஆனால் சிவப்பு ஊசி எல்லாம் நல்லது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. "அசதியா இருக்கு, ஒரு சத்து ஊசி போடுங்க" என்று வருகிறவர்கள். குளுக்கோஸ் பாட்டிலில் மஞ்சள் மருந்து கலந்து ஏற்றச் சொல்வார்கள், பாட்டில் மஞ்சளானால் திருப்தி. அந்த மஞ்சள் பி2. மறுநாள் சிறுநீரில் அதே மஞ்சள் இறங்கும். காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.


தச்சை வடக்கு | வியாழன், இரவு 10.40

மஞ்சள் பாட்டில் பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் அண்ணனுக்குக் குடி. இரண்டு மாதமாகச் சோறே இறங்காமல் கிடந்து, ஒரு நாள் காலை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான், கண் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது, என்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டான். போதை தெளியவில்லை என்று நினைத்துத் தெருமுனையில் குளுக்கோஸ் ஏற்றக் கூட்டிப்போகக் கிளம்பினோம். தெரிந்த பையன் ஒருவன் தடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். அங்கே முதலில் பி1 ஊசியை ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டுத்தான் குளுக்கோஸ் பாட்டிலையே தொட்டார்கள். பி1 இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கும் பி1-உம் அதை எரிக்கவே செலவாகி மூளை அடிவாங்குமாம். கண் இரண்டு நாளில் நேரானது. நேற்று நடந்ததை இன்று கேட்டால் இன்னும் அவனுக்குத் தெரியாது.

குடிக்கிறவர் யார் வீட்டில் இருந்தாலும், நடை, கண், பேச்சு மூன்றில் எது மாறினாலும் போதை என்று விட்டுவிடாதீர்கள்.


வார்டு ஏழு | வெள்ளி, காலை 9.00

தம்பி, அந்தப் பையனுக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.


கல்லிடை அப்பளம் | வெள்ளி, மதியம் 12.15

என் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. இங்கே படித்த பிறகு ஃபோலிக் அமிலம் பயமாக இருக்கிறது. மாசமானால் அதைத்தானே முதலில் கொடுக்கிறார்கள்? அப்புறம் முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வேறு போடுகிறாள்.


வார்டு ஏழு | வெள்ளி, மதியம் 3.40

ஐயோ, அப்படி அர்த்தம் எடுக்காதீர்கள்! அது அப்பாவுக்குப் பி12 பார்க்காமல் ஃபோலிக் கொடுத்த தப்பு. உங்கள் மகளுக்கு ஃபோலிக் கட்டாயம் வேண்டும், மாசமான பிறகு இல்லை, அதற்கு முன்னாலேயே. பிள்ளையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவாகி இருபத்தெட்டாம் நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது உறுதியாகி, வீட்டில் சொல்லி, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே நாளுக்கு 400 மைக்ரோகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். பிறகு கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக்கும் இருக்கிறது, வாந்தி வருகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்களே, அதே மாத்திரை. சைவம் என்றால் பி12-உம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும்.

அந்த மாத்திரைக்கு நம் நாட்டோடு உறவு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா 1928-இல் பம்பாய் வந்து, பஞ்சாலையில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்கு ஏன் ரத்தம் வற்றுகிறது என்று தேடினார். ஈஸ்ட்டிலிருந்து செய்த, ரொட்டியில் தடவுகிற மார்மைட் என்ற சாமானைக் கொடுத்தார், தேறினார்கள். அதில் இருந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது, ஃபோலிக். அதைத் தொழிற்சாலையில் செய்கிற வழியை 1945-இல் கண்ட குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடன்பிறந்தவர்களைச் சத்து உறிஞ்ச முடியாத வயிற்று நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கு மருந்தானதும் இதே ஃபோலிக்தான்.

வீட்டில் என்றால் முருங்கைக்கீரை, பாசிப்பயறு, உளுந்து. நம் உளுந்தங்களியைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது சும்மா இல்லை. கீரையைக் கொதிக்கவிட்டு நீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் அந்த நீரோடு போய்விடும். பருப்பு சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுகிற வழக்கத்தையும் விடச் சொல்லுங்கள், பி1 சாகும்.

பயோட்டின்: குறைவு ரொம்ப அபூர்வம். தினம் பச்சை முட்டை வெள்ளைக்கருவைக் குடிக்கிறவருக்குக் குறையலாம். மகளுக்கு முடி கொட்டினால் முதலில் இரும்பும் தைராய்டும் பார்க்க வேண்டும். ஆனால் பயோட்டின் போட்டுக்கொண்டே தைராய்டு பார்த்தால் சில லேப் முறைகளில் ரிசல்ட் தப்பாக வரும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள், எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார்.


சந்திமுக்கு | இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு காலை 8.20

கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னிக்கணும்.

நாக்கு முதலில் சரியானது, பத்தே நாளில். மிளகாய்ப்பொடிக்குத் திரும்பிவிட்டார். ஹீமோகுளோபின் 13-ஐத் தொட்டுவிட்டது. முகம் கழுவும்போது சுவரைப் பிடிப்பதில்லை, ஆனால் கால்களை அகட்டித்தான் நிற்கிறார். வலது பாதத்தில் உணர்ச்சி பாதிக்குமேல் வந்துவிட்டது. இடது பாதம் அப்படியே. ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம், மிச்சம் இருப்பது சுகரினால் வந்ததாகவும் இருக்கலாம், இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மெட்ஃபார்மின் தொடர்கிறது. ஊசி இனி மாதம் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை அளவு பார்க்க வேண்டும்.

அப்பாவுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். சின்னப்பிள்ளைச் செருப்பு என்று போட மாட்டேன் என்றார். அம்மா பழையதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

மோர் மட்டும் கெட்டியாகிவிட்டது. அம்பை அண்ணாச்சி, ரொம்பத் தீட்டாத புழுங்கல் அரிசி பத்து கிலோ கிடைக்குமா?


அம்பை ஆலை | ஞாயிறு, காலை 9.05

கிடைக்கும் தம்பி. அம்பை 16 ரகம், ஒரு பாலிஷ்தான் போட்டிருக்கிறான். கொஞ்சம் பழுப்பாக இருக்கும், அம்மா திட்டுவார்கள். ரெண்டு தண்ணீருக்குமேல் கழுவ வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்பாவுக்குச் சோற்றின் அளவைக் கூட்டிவிடாதீர்கள், புழுங்கல் ஆனாலும் சுகருக்கு அது அரிசிதான்.


நீச்சத்தண்ணி | ஞாயிறு, காலை 9.30

எனக்கும் அஞ்சு கிலோ சேர்த்துப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி. பழையதுக்கு.